முப்பத்தொன்பது மைல், இருபது முழம்

சென்ற ஐப்பசியில், தசராக் கூட்டம் கலைந்து ஒரு மாதம் கழித்து, நான் கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்குப் போய்வந்தேன். மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்க்கப் போவார்கள், சாமுண்டி மலை ஏறப் போவார்கள். நான் என் தங்கை புருஷனை வேவு பார்க்கப் போனேன். யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டாளத்திலிருந்து திரும்பியும் வீடு வந்து சேராத ஆளைத் தேடிக்கொண்டு போகவேண்டியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் நேரம், கூலி, தூரம் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன்.

என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். பட்டுக்கூடு வியாபாரத்தில் இருப்பவனுக்கு அது தேவைப்படுகிற குணம். எங்கள் வீட்டில் கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இழை பிடித்து, சரக்காவில் நூல் சுற்றுகிறோம். வெந்த புழுக்களைக் கொல்லைக் குழியில் கொட்டி எருவாக்குகிறோம். யுத்த காலத்தில் பாராசூட்டுக்குப் பட்டு வேண்டும் என்று எவ்வளவு நூற்றாலும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சரக்கா மூன்றாயிற்று. ஓட்டு வீட்டுக்கு மாடி வந்தது. உலகம் தீப்பற்றி எரிந்தபோது நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

என் தங்கை நாச்சம்மாவின் புருஷன் மாதப்பன் எங்களோடுதான் ஆறு வருஷம் நூல் எடுத்தான். சாது. சந்தைக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்தபோது, "போகலாமா மச்சான்?" என்று என்னைத்தான் கேட்டான். "போ, நாலு ஊர் பார்த்த மாதிரி இருக்கும்" என்று சொன்னவன் நான்தான். பர்மாப் பக்கம் போனான். போன தையில் பட்டாளத்தில் அவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஆனால் ஒன்பது மாதமாக ஆள் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அதற்குப் பதிலாக மாதம் தவறாமல் தபாலில் ஒரு சோப்புப் பெட்டி வந்தது. பெட்டிக்கு மூன்று சந்தனச் சோப்பு. மைசூர் முத்திரை. மாதப்பனுக்குக் கைநாட்டுதான் தெரியும். மேலே விலாசம் எழுதியிருந்த கையெழுத்தோ முத்து முத்தாக இருந்தது.

இதற்கு நடுவில் இரண்டு சாட்சி கிடைத்தன. மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் அவன் சோப்பும் செண்பகப்பூவும் வாங்கியதை எங்கள் ஊர் வெல்ல வியாபாரி பார்த்தார். சித்திரையில் கொள்ளேகாலம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து இறங்கியவன், ஐந்து நிமிஷம் நின்று, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனதை வெற்றிலைக் கடைக்காரர் பார்த்தார். எனக்கு மூன்று சந்தேகம். ஒன்று, படித்த பெண்ணொருத்தியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு, விடுதலை கிடைத்ததாகச் சொல்வது பொய், ஓடிவந்தவன். மூன்று, இரண்டுமே. அந்தச் சோப்புகளை நாச்சம்மா ஒன்றைக்கூடப் பிரிக்காமல் மரப்பெட்டியில் அடுக்கிவைத்திருந்தாள். எவளோ தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைத் தன் மேல் பூசமாட்டேன் என்று சொன்னாள். அப்பா வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் வைக்கச் சொல்லிவிட்டார். அங்கே இன்னொருத்தி இருப்பது உறுதியானால், அன்றே உறவை அறுத்துவிட்டு நாச்சம்மாவை வேறு இடத்தில் கட்டிக்கொடுப்பது என்று முடிவு. உறுதி செய்துகொண்டு வரவேண்டிய வேலை என்னுடையது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கரிவண்டி கிளம்பியது. பெட்ரோல் கிடைக்காததால் இன்னும் பல பஸ்கள் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டுதான் ஓடுகின்றன. டிக்கெட் ஒரு ரூபாய் மூன்றணா. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏதோ வியாபாரத்துக்குப் போகிறவன் போலத் தெரியட்டும் என்று ஒரு துணிப்பையில் இரண்டு நூல் கழியும், வேகவைக்காத பச்சைக் கூடு ஒரு படியும் எடுத்துக்கொண்டேன். எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்த அம்மாள் இரண்டு மைலுக்குள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். கரிப்புகைக்கு என்றால் அடுப்பு இருந்தது பின்னால் அல்லவா? என் பையைத் தொட்டுப் பார்த்திருப்பாளோ என்று உள்ளே கைவிட்டுச் சோதித்தேன். எல்லாம் இருந்தது.

ஏழாவது மைலில் எல்லைச் சாவடி. நம் பக்கம் சென்னை ராஜதானி, அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். அரிசி கடத்துகிறார்களா என்று மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்ப்பார்கள், முக்கால் மணி நேரம் வீண். ஒரு கிழவரின் இடுப்புத்துணியைக்கூட அவிழ்த்துப் பார்த்த போலீஸ்காரர், என் பையைத் திறந்ததும் மூடி, "ஹோகு, ஹோகு" என்று கையை வீசினார். எனக்குச் சுருக்கென்றது. என்னை மட்டும் ஏன் விடவேண்டும்? டிரைவருக்கும் இவருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது, என் பையை வைத்து வேறு எதையோ மறைக்கிறார்கள் என்று நரசிபுரம் வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

நரசிபுரம் பத்தொன்பது மைல். அங்கே கபிலை ஆறு காவேரியோடு சேருகிறது. பஸ் அரை மணி நிற்கும், அடுப்புக்குக் கரி போடுவார்கள், இறங்கிக் கால் நனைக்கலாம். சர்க்கரை ரேஷன் என்பதால் காப்பியில் வெல்லம், ஓரணா. அங்கிருந்து மைசூர் இருபது மைல். பதினொன்றரைக்கு இறங்கினோம். ஆக முப்பத்தொன்பது மைலுக்கு ஐந்து மணி நேரம்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து சத்திரத்துக்கு ஜட்காவில் நாலணா பேசி ஏறினேன். இறங்கும்போது வண்டிக்காரர் ஆறணா கேட்டார்.

"நாலணான்னுதானே பேசினீங்க?"

"பேசினேன் ஸாப். வண்டி கழுவணும்ல?" என்றார். குதிரை தும்மிற்று.

வெளியூர்க்காரன் என்றால் ஏமாற்றத்தான் பார்ப்பார்கள். ஐந்தணாவில் முடித்தேன். சத்திரத்தில் வாடகை இல்லை, விளக்குக்கு ஓரணா. முன்பக்கம் நாலு அறை காலியாகக் கிடக்க, எனக்குக் கொல்லைப்புறம் மாட்டுக்கொட்டில் ஓரம் ஓர் அறையைக் காட்டினார்கள். சாப்பாட்டுக் கடையிலும் வாசல் ஓரத்துப் பலகையில் தனியாக உட்கார வைத்தார்கள். கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் நன்றாக இருந்தன, ஐந்தணா. ஊரே என்னை எதிர்பார்த்து ஒரு திட்டத்தோடு இருக்கிறது என்று அன்று சத்தியமாக நம்பினேன்.

சாப்பிட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். சத்திரத்திலிருந்து அரை மைல், நடந்தே போகலாம். பூக்கடை வரிசைக்குப் பின்னால் சோப்பு, ஊதுவத்தி விற்கும் கடைகள். மூன்றாவது கடையிலேயே விவரம் கிடைத்துவிட்டது.

"அந்த மிலிட்ரி ஆளா? தெரியும் ஸ்வாமி" என்றார் கடைக்காரர். "மாசம் ரெண்டு பெட்டி. ஒண்ணு பார்சலுக்கு, ஒண்ணு அவருக்கு. ஊதுவத்திப் பட்டறையில இருக்கார், தப்பாம வருவார்." சொல்லிக்கொண்டே அவர் என் முன்னால் ஒரு வத்தியைக் கொளுத்தி வைத்தார். மாதம் மூன்று சோப்பு ஒரு ஆண்பிள்ளைக்கு எதற்கு? எனக்கு விடை தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பட்டறை ஊரின் தெற்கு ஓரத்தில், மார்க்கெட்டிலிருந்து ஒன்றேகால் மைல். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய முற்றம். சந்தனத் தூள், கரித்தூள் மூட்டைகள். இருபது பெண்கள் பலகை முன் உட்கார்ந்து மூங்கில் குச்சியில் மாவை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் மாதப்பன், தலையில் மூட்டையோடு. இத்தனை பெண்கள்! என் சந்தேகம் ஒன்றுக்கு இருபதாகப் பெருகிவிட்டது.

என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அதை இன்று நினைவுபடுத்திச் சொல்கிறேன், அன்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தான். பாதி முற்றத்தில் சட்டென்று நின்றான். பிறகு பின்வாங்கி எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தோளில் கிடந்த துண்டால் வாயையும் மூக்கையும் பொத்தினான்.

"அக்கட்டயே நில்லுங்க மச்சான்!" என்று கத்தினான். "நாச்சி சொகமா இருக்கறாளுங்களா?"

"கேக்கறதுக்கு உனக்கு வாய் இருக்குதா? கிட்ட வந்து பேசு."

"வரமாட்டனுங்க. அங்கிருந்தே சொல்லுங்க."

நூல் அளந்து பழகிய கண் எனக்கு. எங்களுக்கு நடுவில் சரியாக இருபது முழம். குற்றமுள்ளவன் முகத்துக்கு முகம் பார்க்கமாட்டான் என்று எண்ணி நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவன் திரும்பி மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினான். வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. குடித்திருக்கிறான், அதையும் சேர்த்துக்கொள் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

பட்டறை முதலாளி வெளியே வந்தார். மேலுகோட்டைப் பக்கத்து அய்யங்கார், அறுபது வயசிருக்கும், நெற்றியில் திருமண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் கொள்ளேகாலத்து மனுஷரோ? வாரும், ஆனா இப்ப வேண்டாம். நாளைக்கு ஒம்பது மணிக்கு நன்னா ஸ்நானம் பண்ணிட்டு, வேற வேஷ்டி உடுத்திண்டு வாரும். அந்தப் பையை எடுத்துண்டு வராதேயும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தீட்டுக்கு அஞ்சுகிறாரா, அல்லது ராத்திரிக்குள் அந்தப் பெண்ணை அப்புறப்படுத்த நேரம் கேட்கிறாரா? இரண்டாவதுதான் என்று முடிவு கட்டினேன். அதனால் மறுநாள் ஒன்பதுக்குப் போகவில்லை. குளிக்காமல், அதே வேட்டியோடு, அதே பையோடு ஏழு மணிக்கே போய் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

பட்டறைக் கதவு திறந்திருந்தது. மூலையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய், அதுதான் அவன் இருப்பிடம். அவன் குளத்துக்குப் போயிருந்தான் போலும். நான் சோதனை போட்டேன். ஒரு தட்டு, ஒரு தம்ளர். தலையணைக்குக் கீழே வாடிய செண்பகப்பூ. ஒரு தகரப் பெட்டியில் பட்டாளத்து விடுதலைக் காகிதம், முத்திரையோடு, ஒழுங்காக. கரைந்து வில்லையாகப் போன சோப்புத் துண்டுகள் எட்டோ பத்தோ. வளையல் இல்லை, சீப்பு இல்லை, ஒரு நீள முடிகூட இல்லை. அதற்கும் அடியில் என் கையெழுத்து. நாச்சம்மா சொல்ல நான் எழுதிப் போட்ட கடிதங்கள், ஒன்று விடாமல். பையைப் பாய்மேல் வைத்துவிட்டு அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஈரக் காலடி கேட்டது.

மாதப்பன் என்னைப் பார்க்கவில்லை. பாய்மேல் இருந்த பையைத்தான் பார்த்தான். நாலெட்டில் வந்து அதைத் தூக்கினான். முற்றத்துக்கு ஓடினான். அங்கே சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியால் குழி வெட்டினான் பாருங்கள், அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. முழங்கால் ஆழம் தோண்டிப் பையைப் போட்டு, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தவன் நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு மண்வெட்டியை எறிந்துவிட்டு, மண்டியிட்டு, வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தான்.

"சூடா இருக்குதுங்க அவில்தார்! சூடா இருக்குதுங்க!"

விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. நான் போய்த் தோளைப் பிடித்தேன். என்னைத் தள்ளிய தள்ளலில் தூரப் போய் விழுந்தேன். வேலைக்கு வந்த பெண்களில் வயதான ஒருத்தி, புட்டம்மா என்று பெயர், ஓடிவந்து என்னைப் பார்த்துக் கன்னடத்தில் திட்டினாள். ஒரு கைப்பிடி வத்தியைக் கொளுத்தி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது அவளுக்குப் பழக்கமான வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் கை ஓய்ந்தது.

அய்யங்கார் என் கையைப் பற்றி வெளியே இழுத்துப் போனார். "ஸ்நானம் பண்ணிட்டு வாரும்னேனா இல்லையா? உம்ம மேல என்ன நாத்தம்னு உமக்கே தெரியலையா ஓய்? வெந்த புழு நாத்தம். பொணத்துக்கும் அதுக்கும் ஒரு வித்யாசமும் கிடையாது. அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

நான் என் கையை மோந்து பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறந்தது முதல் அந்தக் காற்றையே சுவாசிக்கிறவன் நான். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிய அம்மாள், பையை மூடிய போலீஸ்காரர், குதிரை, மாட்டுக்கொட்டில் அறை, வாசல் ஓரத்துப் பலகை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் உடம்பு கூசியது. விலாசம் எழுதிய முத்துக் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். "என்னுதுதான். ஏன், நன்னா இல்லையா?" என்றார்.

அவர் கொடுத்த சந்தனச் சோப்பை முழுசாகத் தேய்த்துக் குளித்தேன். அவர் வேட்டியையே கட்டிக்கொண்டேன். பத்து மணிக்கு முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாதப்பன் ஆறு முழம் தள்ளி உட்கார்ந்தான். கையில் துணி சுற்றியிருந்தது. அவனாகத்தான் பேசினான்.

"சண்டையெல்லாம் நான் போடலீங்க மச்சான். ரோடு போடற கம்பெனி. மழைக்காலம். பாதையோரம் கெடக்கறவங்களை அள்ளிக் குழியில போடோணும், மண்ணு தள்ளோணும். நாலஞ்சு நாள் ஆனவங்க. மோந்தப்பவே நெனச்சேன், நம்ம கொல்லைக் குழி வாசமாட்டவே இருக்குதேன்னு. மொதல்ல வீட்டு நெனப்புத்தான் வந்துதுங்க. சிரிச்சேன்கூட."

கையில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"ஒரு நா பதினோரு பேரு. ஏழாவது ஆளை இழுக்கக் கையப் புடிச்சேன். சூடா இருந்துது. அவில்தார்கிட்டச் சொன்னேன். மேல ஏரோப்பிளேன் சத்தம். மூடுடா, ஓடுன்னாரு. மூடிப்போட்டேனுங்க."

"செத்துக் கொஞ்ச நேரம் வரைக்கும் சூடு இருக்குமே மாப்ளே" என்றேன்.

"இருக்குமுங்க. நானும் தெனம் அதையேதான் சொல்லிக்கறேன். ஆனா எனக்கே என்மேல நம்பிக்கை வரமாட்டீங்குது."

யாரையும் நம்பாதவன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். ஒரு மனுஷன் தன் கையையே இப்படிச் சந்தேகப்படுவதை அன்றுதான் கண்டேன்.

சித்திரையில் ஊருக்கு வந்தாயே என்று கேட்டேன். "வந்தனுங்க. பஸ்ஸைவிட்டு எறங்குனேன், காத்தடிச்சுது. ஊரே கூடு வேகற வாசம். எத்தனை வருசம் நானே வேக வெச்சிருப்பேன்! உள்ளார உசுரோட இருக்குதேன்னு ஒரு நா நெனச்சதில்லை. வீட்டுக்குப் போனா நாச்சி வந்து கையப் புடிப்பா. கொப்பரைத் தண்ணியில கெடக்கற கை. அந்த வாசமும் இருக்கும், சூடாவும் இருக்கும். நான் என்ன பண்ணிப்போடுவேனோன்னு பயமாப் போச்சுங்க."

"இதை ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே?"

"படிக்கறது ஆருங்க? நீங்கதானே. எல்லாரையும் உக்கார வெச்சு ஒரக்கப் படிப்பீங்க. எம்பொண்டாட்டி மேல பொண வாசம் அடிக்குதுன்னு எழுதச் சொல்றதுங்களா? அதுக்குத்தான் சோப்பு அனுப்புனேன். புரிஞ்சுக்குவான்னு." அவன் என்னைப் பார்த்தான். "போட்டுக்கறாளுங்களா?"

அவள் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் எழுதிய கடிதங்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று சரக்கா ஓடுகிறது, இரவும் பகலும் கூடு வேகிறது, யுத்தம் நமக்கு நல்ல காலம் என்று பெருமையாக எழுதியிருந்தேன். அதைக் குழி வெட்டுகிற இடத்தில் யாரோ அவனுக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். மத்தியானம் ஒரு மணிக்குக் கொள்ளேகாலத்தில் இறங்கியதும் காற்று அடித்தது. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் ஊர் எப்படி நாறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் மாதப்பன் நின்றதாகச் சொன்ன இடத்திலேயே நானும் ஐந்து நிமிஷம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. வெல்ல வியாபாரி என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார். "பாருங்க, இவருமேலயும் சந்தனம் மணக்குது! நல்லாக் குளிப்பாட்டி அனுப்பிச்சுட்டாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை காலம் நான் ஊரைச் சந்தேகப்பட்டதற்கு ஊர் அன்று வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. நாச்சம்மா மட்டும் எழுந்து வந்தாள்.

"அண்ணா, எங்கையி சூடா இருக்கும்னா சொன்னாரு?"

"ஆமா அம்மிணி."

அவள் உள்ளே போனாள். மரப்பெட்டியைக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் வைத்தாள். ஒன்பது பெட்டியையும் அப்பாவின் முன்னாலேயே பிரித்தாள். "நான் இனிமே சரக்காவுல உக்காரமாட்டேன். உறவை அறுக்கறதுன்னா என்னைக் கேட்டு அறுங்க" என்றாள். கூட்டம் கலைந்துவிட்டது.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆறரை பஸ்ஸில் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. சாவடியில் அரிசி வைத்திருந்தால் மறைக்காதீர்கள், பறித்துக்கொள்வதோடு ஒரு பகல் உட்கார வைப்பார்கள். ஜட்காவுக்கு ஐந்தணா நியாயமான கூலி. கூடு, நூல் சம்பந்தப்பட்ட நம் ஊர்க்காரர்கள் புறப்படுவதற்கு முன் நன்றாகக் குளித்துவிட்டு, வெளியில் துவைத்துக் காய்ந்த துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். யாராவது விலகி உட்கார்ந்தால் கோபப்படாதீர்கள். பட்டாளத்திலிருந்து வந்தவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஒன்பது மணிக்கு வரச்சொன்னால் ஒன்பது மணிக்கே போங்கள். பெட்டியைச் சோதனை போடாதீர்கள். ஏன் கிட்ட வரவில்லை என்று கேட்காமல், எவ்வளவு தூரம் சௌகரியம் என்று கேளுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து நாச்சம்மாவை அழைத்துக்கொண்டு அதே ஆறரை பஸ்ஸில் போனேன். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்துக் குடிசையில் இருந்தாள். ஏழு சோப்பு கரைந்திருந்தது. பஸ்ஸில் ஒருவரும் விலகி உட்காரவில்லை. மறுநாள் காலை சரியாக ஒன்பது மணிக்குப் பட்டறைக்குப் போனோம், அய்யங்காருக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். மாதப்பன் எதிர்ச் சுவரோரம் நின்றான். இருபது முழம். இவளைப் பார்த்ததும் நடந்து வந்தான். ஆறு முழத்தில் நின்றான். மூக்கைப் பொத்தவில்லை. ஆனாலும் நின்றுவிட்டான். அவன் பார்வை அவள் கைகள்மேல் இருந்தது.

நாச்சம்மா அவனிடம் போகவில்லை. முற்றத்து மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்திருந்தது, குளிர்காலத்துத் தண்ணீர். இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டு நின்றாள். நான் பொழுது பார்த்தேன், கால் மணி நேரத்துக்கு மேல் நின்றாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயின. பிறகு சொட்டச் சொட்ட வந்து, அவனுக்கு எட்டுகிற தூரத்தில் கைகளை நீட்டினாள்.

"குளுர வெச்சிருக்கேனுங்க. தொட்டுப் பாருங்க."

அவன் முதலில் ஒரு விரலால் தொட்டான். பிறகு உள்ளங்கையைப் பிடித்தான். புட்டம்மா வத்தி உருட்டுவதை நிறுத்திவிட்டாள். அவன் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையில் சூடு ஏறியிருக்கவேண்டும். சட்டென்று விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போனான்.

அவள் திரும்பித் தொட்டிக்குப் போய் மறுபடியும் கைகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள்.